ரிசப்ஷன் போட்டோ ஏன் சொதப்புது? எந்த லென்ஸ், எந்த லைட்... திருத்தணி மேடையில் இருந்து ஒரு விளக்கம்

வைகாசி முகூர்த்தத்துக்கு முந்தைய நாள் மாலை ஏழு மணி. திருத்தணி மலையடிவார மண்டபம் ஒன்றில் பொண்ணும் மாப்பிள்ளையும் மேடை ஏறுகிறார்கள். பின்னால் பளீரென எல்இடி திரை. மேலே நிறம் மாறிக்கொண்டே இருக்கும் பார் லைட்டுகள். கீழே மொய்க் கவரோடு நீளும் வரிசை.

அடுத்த மூன்று மணி நேரத்தில் நூற்றுக்கணக்கான படங்கள் எடுக்கப்படும். அதில் பாதிப் படங்களில் முகம் நீலமாகவோ, மாவு பூசிய மாதிரியோ இருந்தால்? ரீடேக் கேட்க முடியாது. நாகலாபுரத்தில் இருந்து பஸ் பிடித்து வந்த பாட்டியை இன்னொரு முறை அதே மேடையில் நிறுத்தவும் முடியாது.

தம்பி கல்யாணத்துக்கு 'நீதான் கேமரா வச்சிருக்கியே' என்று பொறுப்பு தலையில் விழுந்தவர்களுக்கும், போட்டோகிராபரை புக் செய்யப் போகிறவர்களுக்கும் தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள் இங்கே.

திருத்தணியில் என்ன ஸ்பெஷல்?

சென்னையில் இருந்து சுமார் 85 கி.மீ. தூரத்தில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கும் திருத்தணி, முருகனின் அறுபடை வீடுகளில் ஐந்தாவது. சூரனை வென்ற பிறகு சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம், வள்ளியை மணந்த தலம் என்பது நம்பிக்கை. அதனால் இங்கே கல்யாணம் செய்வதைப் பல குடும்பங்கள் வேண்டுதலாகவே வைத்திருக்கின்றன.

வழக்கமான கணக்கு இதுதான். தாலி கட்டுவது மலைமேல், அல்லது கல்யாணம் முடிந்து 365 படி ஏறி சாமி தரிசனம். ரிசப்ஷன் கீழே மண்டபத்தில். தமிழகக் கோயில்களுக்குள் செல்போன் கொண்டுசெல்லத் தடை விதிக்குமாறு 2022 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டது. எனவே மலைமேல் எங்கே படம் எடுக்கலாம், எங்கே கூடாது என்பதைக் கோயில் அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. மேலே எடுக்க முடியாத படங்களின் சுமை எல்லாம் ரிசப்ஷன் மேடை மீது வந்து விழும்.

இன்னொரு விஷயம், எல்லை. 1960 ஏப்ரல் 1-ம் தேதி வரை திருத்தணி ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. இன்றும் நகரி, புத்தூர் பக்கம் பெண் எடுப்பதும் கொடுப்பதும் சகஜம். தெலுங்குக் குடும்பங்களில் முகூர்த்தம் நடுராத்திரியிலும் விடியற்காலையிலும் வரும். அப்போது ரிசப்ஷன் முடித்த கையோடு, வெயிலே இல்லாத முகூர்த்தத்தையும் அதே லென்ஸ், அதே லைட்டோடு சமாளிக்க வேண்டும்.

முதல் பிரச்சினை: வெளிச்சம் போதாது

மண்டபம் நம் கண்ணுக்கு ஜகஜோதியாகத் தெரியும். கேமராவுக்கு அது கிட்டத்தட்ட இருட்டு. வெளியே பகல் வெளிச்சத்தோடு ஒப்பிட்டால், ஹாலுக்குள் இருப்பது நூறில் ஒரு பங்குகூட இருக்காது. கண் தானாகப் பழகிக்கொள்வதால் நமக்கு அது உறைப்பதில்லை.

இங்கேதான் லென்ஸின் 'எஃப்' எண் முக்கியமாகிறது. லென்ஸின் வாய் எவ்வளவு அகலமாகத் திறக்கும் என்பதைச் சொல்லும் எண் அது. எண் சின்னதாக இருந்தால் வாய் பெரிது, உள்ளே வரும் வெளிச்சம் அதிகம்.

கேமரா வாங்கும்போது கூடவே வரும் கிட் லென்ஸ், ஜூம் செய்தால் எஃப்/5.6-க்குப் போய்விடும். விலை குறைந்த 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் அதைவிடச் சுமார் 10 மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது கிட் லென்ஸில் ஐஎஸ்ஓ 12,800 வைத்து, புள்ளி புள்ளியாக வரும் அதே படத்தை, இதில் ஐஎஸ்ஓ 1,300 அளவிலேயே சுத்தமாக எடுக்கலாம். பெரிய பாடிக்குப் பணம் சேர்ப்பதற்கு முன் லென்ஸை மாற்றச் சொல்வது இதனால்தான்.

எந்த லென்ஸ் எதுக்கு?

புல் ஃபிரேம் கேமராவில் 35 மி.மீ. லென்ஸ் மாட்டினால், எத்தனை மீட்டர் தள்ளி நிற்கிறோமோ கிட்டத்தட்ட அத்தனை மீட்டர் அகலம் படத்தில் அடங்கும். ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் ஐந்து மீட்டர் அகலக் குடும்பம். இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

24 மி.மீ. லென்ஸில் தூரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலம் கிடைக்கும். மேடைக்கு முன்னால் இடமே இல்லாத மண்டபங்களில் இதுதான் கைகொடுக்கும். ஆனா ஒரு சிக்கல். ஓரத்தில் நிற்பவர்கள் பக்கவாட்டில் இழுத்த மாதிரி வருவார்கள். குரூப் போட்டோவில் ஓரத்தில் நின்ற அத்தை ஆல்பத்தைப் பார்த்துவிட்டு ஒரு வருஷம் பேச மாட்டார்.

35 மி.மீ. லென்ஸ் குரூப் போட்டோ, என்ட்ரி, டான்ஸ், பந்தி என எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரே ஒரு பிரைம் லென்ஸ்தான் வாங்க முடியும் என்றால் பலரும் இதைத்தான் தேர்வு செய்கிறார்கள்.

50 மி.மீ. லென்ஸ் ஜோடியை முழு உயரத்தில் எடுக்க நல்லது. சின்ன சென்சார் கேமராக்களில் இது 75 அல்லது 80 மி.மீ. போல நடந்துகொள்ளும். அந்த கேமரா வைத்திருப்பவர்கள் 35-க்குப் பதில் 23 அல்லது 24 மி.மீ. தேட வேண்டும்.

85 மி.மீ. லென்ஸ் முகத்துக்கு. நெற்றிச்சுட்டி, ஜிமிக்கி, கண்ணில் லேசாகத் தேங்கும் தண்ணீர் எல்லாம் இதில்தான் அழகாக வரும். 70-200 மி.மீ. எஃப்/2.8 ஜூம், முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் அப்பா கண் துடைப்பதை அவருக்கே தெரியாமல் எடுக்க. பத்து மீட்டர் தூரத்தில் இருந்து 200 மி.மீ.யில் எடுத்தால் சுமார் 1.8 மீட்டர் அகலம் அடங்கும். ஒரு ஆள், பக்கத்தில் இன்னொரு ஆள். அவ்வளவுதான்.

ஜூம் லென்ஸா, பிரைம் லென்ஸா என்ற சண்டைக்கு ரிசப்ஷனில் தெளிவான விடை உண்டு. மேடை வரிசை நகர ஆரம்பித்துவிட்டால் லென்ஸ் மாற்ற நேரம் கிடையாது. அங்கே 24-70 மி.மீ. எஃப்/2.8. மேடைக்கு வெளியே நடப்பதற்கு, இரண்டாவது கேமராவில் ஒரு பிரைம்.

எஃப்/1.8 இருந்தா எப்பவும் 1.8-லயே எடுக்கலாமா?

கூடாது. பலரும் சறுக்கும் இடம் இது. 85 மி.மீ. லென்ஸில் மூன்று மீட்டர் தூரத்தில் எஃப்/1.8 வைத்தால், கூர்மையாகத் தெரியும் ஆழம் சுமார் 13 செ.மீ. மட்டுமே. மாப்பிள்ளை அரை அடி முன்னால் நின்றால் அவர் முகம் கூர்மையாக இருக்கும், பொண்ணு முகம் மங்கிவிடும். கேமராவின் சின்னத் திரையில் இது தெரியாது. ஆல்பம் பெரிதாக அச்சாகி வந்த பிறகுதான் தெரியும்.

தனி முகத்துக்கு எஃப்/2, ஜோடிக்கு எஃப்/2.8 முதல் எஃப்/4, இரண்டு வரிசை நிற்கும் குடும்பப் படத்துக்கு எஃப்/4 முதல் எஃப்/5.6 என்று தொடங்கலாம். அப்படியானால் குறையும் வெளிச்சத்தை எங்கிருந்து கொண்டுவருவது? அதற்குத்தான் லைட்.

ஃபிளாஷை நேராக அடித்தால் என்ன ஆகும்?

கேமரா மேலேயே இருக்கும் ஃபிளாஷ் முகத்தில் நேராக அடித்தால் மூக்கு, கன்னம், தாடையின் நிழல்கள் மறைந்து முகம் தட்டையாகிவிடும். வியர்வையும் மேக்கப்பும் மின்னும். பட்டுப்புடவையின் சரிகை கண்ணாடி மாதிரி திருப்பி அடித்து வெறும் வெள்ளைப் பட்டையாக மாறும். மயில் கழுத்து நிறத்தில் எடுத்த புடவை என்பதற்கு பில் மட்டுமே சாட்சியாக இருக்கும்.

ஃபிளாஷ் தலையை மேலே திருப்பி, வெள்ளைக் கூரையில் அடித்து, அது பரவி கீழே இறங்குவதுபோலச் செய்வதுதான் 'பவுன்ஸ்'. இதற்கு இரண்டு நிபந்தனை. கூரை தாழ்வாக இருக்க வேண்டும், வெள்ளையாக இருக்க வேண்டும். மரப்பலகை ஃபால்ஸ் சீலிங்கில் அடித்தால் எல்லோர் முகத்திலும் பழுப்பு ஏறும். கலர் துணிப் பந்தலில் அடித்தால் அந்தத் துணியின் நிறம் ஏறும். திறந்தவெளி லானில் மேலே இருப்பது வானம்தான், திரும்பி எதுவும் வராது.

அதனால் மேடைக்குத் தனியாக லைட் வைப்பதே பாதுகாப்பு. ஸ்டாண்டில் ஒரு ஃபிளாஷ், அதன் முன்னால் குடையோ சாஃப்ட்பாக்ஸோ, கேமராவில் ரேடியோ ட்ரிகர். ஆள் உயரத்துக்கு மேலே, பக்கவாட்டில் சுமார் 45 டிகிரியில். மறுபக்கம் பாதி பவரில் இன்னொன்று. வசதி இருந்தால் மூன்றாவதை ஜோடிக்குப் பின்னால் மறைத்து வைக்கலாம். கூந்தலும் தோளும் பின்னணியில் இருந்து பிரிந்து தெரியும்.

தூரத்தில் ஒரு கணக்கு இருக்கு

லைட்டுக்கும் ஆளுக்கும் இடையே தூரம் இரண்டு மடங்கானால் வெளிச்சம் பாதியாகாது, நான்கில் ஒரு பங்காகும். பள்ளியில் படித்த அதே இயற்பியல் விதிதான்.

இதை மேடையில் பொருத்திப் பாருங்கள். ஐந்து மீட்டர் அகலத்தில் பத்துப் பேர் நிற்கிறார்கள். ஓரத்து ஆளுக்கு இரண்டு மீட்டர் பக்கத்தில் லைட் வைத்தால், மறு ஓரத்து ஆள் ஏழு மீட்டர் தூரம். முதல் ஆள் மீது விழும் வெளிச்சம் கடைசி ஆளைவிட 12 மடங்கு அதிகம். மாப்பிள்ளை வீட்டார் பளிச், பொண்ணு வீட்டார் இருட்டு. சம்பந்திச் சண்டைக்கு இது போதும்!

அதே லைட்டை ஐந்து மீட்டர் தள்ளி வைத்தால் வித்தியாசம் 4 மடங்காகக் குறையும். மறுபக்கமும் ஒரு லைட் இருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். லைட்டைப் பக்கத்து ஆளை நோக்கித் திருப்பாமல் தூரத்து ஆளை நோக்கித் திருப்பி வைப்பது இன்னொரு எளிய வழி.

எல்இடி திரையும் கோடு கோடான படமும்

இப்போதைய ரிசப்ஷன் மேடைகளின் புதிய தலைவலி இது. இந்தியாவில் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், சாதாரண விளக்குகளின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். ஷட்டர் ஸ்பீடு 1/100 அல்லது 1/50 என வைத்தால் அது சமமாகிவிடும். 1/500 என வைத்தால் படத்தில் குறுக்காகக் கருப்புப் பட்டை விழலாம். பார் லைட்டுகளும் எல்இடி திரையும் தங்களுக்கென வேறு வேகத்தில் மினுக்கும். சத்தமில்லாமல் எடுக்க உதவும் எலெக்ட்ரானிக் ஷட்டரில் இந்தக் கோடுகள் இன்னும் மோசமாக வரும். மண்டபத்தில் மெக்கானிக்கல் ஷட்டரே உத்தமம்.

திரை பளிச்சென இருந்தால் இன்னொரு பிரச்சினை. பின்னணி பிரகாசம் என நினைத்து கேமரா தானாகவே படத்தை இருட்டாக்கும், முகம் கறுத்துவிடும். ஆட்டோவை நம்பாமல் மேனுவலில் முகத்துக்கு அளவு வைக்க வேண்டும்.

தீர்வு செலவில்லாதது. விருந்தினர் வருவதற்கு முன்பே திரை ஆபரேட்டரிடம் பேசி பிரைட்னஸைக் குறைக்கச் சொல்லுங்கள். முழு வெள்ளை, முழுச் சிவப்புப் பின்னணி வேண்டாம். ஜோடியைத் திரையில் இருந்து இரண்டு மீட்டராவது முன்னால் நிறுத்தினால் திரையின் புள்ளிகள் மங்கி, கண்ணை உறுத்தும் அலை வடிவங்கள் வராது.

வீடியோ டீமிடமும் முதலிலேயே பேசிவிட வேண்டும். ஃபிளாஷ் அடிக்கும் நொடியில் வீடியோவில் பாதித் திரை வெள்ளையாகப் பட்டை விழும். மாலை மாற்றும்போதும், கேக் வெட்டும்போதும் யார் எங்கே நிற்பது, ஃபிளாஷ் உண்டா இல்லையா என முடிவு செய்துகொண்டால் மேடையில் முறைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

முகத்தின் நிறம்: இதுதான் உண்மையான பரீட்சை

ஃபிளாஷின் வெளிச்சம் பகல் போல, சுமார் 5,500 கெல்வின். மண்டபத்தின் மஞ்சள் விளக்குகள் 3,000 முதல் 3,200 கெல்வின். இரண்டும் கலந்தால் முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறம். ஃபிளாஷ் முன்னால் ஆரஞ்சு ஜெல் தாள் ஒட்டி, வைட் பேலன்ஸை அதற்கேற்ப வைத்தால் இரண்டும் ஒன்றாகும். நிறம் மாறும் பார் லைட்டுகளுக்கு இந்த வைத்தியம் பலிக்காது. போட்டோ எடுக்கும் நேரத்திலாவது முன்பக்க லைட்டுகளை ஒரே நிறத்தில் நிறுத்தச் சொல்ல வேண்டும். ஊதா நிறத்தில் குளித்த முகத்தை எந்த சாஃப்ட்வேரும் முழுசாக மீட்காது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. ஃபிளாஷைத் தேவைக்கு மேல் ஏற்றி, பிறகு கம்ப்யூட்டரிலும் இரண்டு படி வெளுத்து, மாநிறப் பெண்ணைச் சிவப்பாக்கி ஆல்பம் தருவது இன்றும் நடக்கிறது. கழுத்து ஒரு நிறம், கை ஒரு நிறம், முகம் இன்னொரு நிறம்.

கறுப்பைப் பிழையாகப் பார்க்கும் பழக்கம் போட்டோ தொழிலுக்குப் புதிதல்ல. கலர் பிலிம் காலத்தில் லேப்களுக்கு கோடாக் நிறுவனம் அனுப்பிய 'ஷெர்லி கார்டு' என்ற மாதிரிப் படத்தில் பல ஆண்டுகள் இருந்தது வெள்ளைத் தோல் கொண்ட பெண்தான். அவர் முகம் சரியாக வந்தால் பிரின்ட் சரி. கறுத்த முகங்கள் விவரமே இல்லாமல் இருண்டுபோயின. சாக்லேட், மர பர்னிச்சர் விளம்பரம் எடுத்தவர்கள் பழுப்பு நிற வித்தியாசங்கள் தெரியவில்லை எனப் புகார் சொன்னது, பிலிமை மேம்படுத்தக் காரணங்களில் ஒன்றானது. பல நிறத்தவர் இடம்பெற்ற கார்டு 1990-களில்தான் வந்தது. கூகுள் தன் பிக்சல் 6 போனில் 'ரியல் டோன்' என்று கொண்டுவந்தது 2021-ல்.

இன்றைய கேமராக்கள் மாநிறத்தையும் கறுப்பையும் அப்படியே பதியும் திறன் கொண்டவை. தேவையானது மென்மையான லைட், சரியான அளவு, அவ்வளவுதான். கறுத்த முகம் அழகாக வருவது அதன் மேல் விழும் பளபளப்பில். பெரிய சாஃப்ட்பாக்ஸைப் பக்கவாட்டில் வைத்தால் கன்னத்தில் அந்த ஒளி மெல்ல வளைந்து விழும். அதை ரசிக்கத் தெரிந்தவருக்கு வெளுக்கும் பட்டன் தேவைப்படாது.

போன்லயே எடுக்கிறவங்களுக்கு

பல போன்களில் பெரிய சென்சார் இருப்பது 1எக்ஸ் கேமராவில்தான். வெளிச்சம் குறைந்தால் 3எக்ஸ் அழுத்தினாலும், பல போன்கள் 1எக்ஸ் படத்தையே வெட்டிக் கொடுக்கும். ஜூம் செய்வதைவிட இரண்டு அடி முன்னால் போவது மேல். முதலில் லென்ஸைத் துடையுங்கள். முகத்தைத் தொட்டு, பிரைட்னஸைக் கொஞ்சம் கீழே இழுங்கள். நைட் மோடு பல படங்களை ஒன்றாக அடுக்குவதால், ஆடிக்கொண்டிருப்பவர்கள் ஆவி மாதிரி வருவார்கள். நிற்பவர்களுக்கு மட்டும் அது.

கிளம்புவதற்கு முன்

மே மாதத்தில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர் திருத்தணி. ஏசி ஹாலில் இருந்து புழுக்கமான வெளியே வந்தால் லென்ஸில் பனி படியும். கேமராவைப் பைக்குள் வைத்தே வெளியே கொண்டுவந்து, பத்து இருபது நிமிடம் கழித்து எடுப்பது நல்லது. ஃபிளாஷ் சூடாகி மக்கர் செய்யும். மாற்று ஒன்று இருக்கட்டும். பேட்டரியும் கார்டும் இரட்டிப்பாக இருக்கட்டும்.

கூடவே இரு வீட்டிலும் சொந்தங்களை அடையாளம் தெரிந்த ஒருவரை மேடை அருகே நிறுத்துங்கள். எல்லையோரக் கல்யாணத்தில் அதில் ஒருவருக்குத் தெலுங்கு தெரிந்திருந்தால் பாதி வேலை முடிந்தது. 'பெத்தம்மா, இட்டு ரண்டி' என்று கூப்பிட ஆள் இல்லாமல், குரூப் போட்டோவில் விடுபட்டவர்கள் உண்டு.

புக் செய்யும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

1. தேர்ந்தெடுத்த பத்துப் படம் வேண்டாம், ஒரு ரிசப்ஷனின் முழு ஆல்பத்தைக் காட்ட முடியுமா?

2. அந்த ஆல்பத்தில் எங்கள் நிறத்தில் இருப்பவர்களின் படங்கள் எவை?

3. மேடைக்குத் தனி லைட் வைப்பீர்களா, கேமரா மேல் ஃபிளாஷ் மட்டும்தானா?

4. ஒரே நேரத்தில் இரண்டு கார்டில் பதிவாகும் கேமராவா? அன்று இரவே படங்களை வேறு டிஸ்க்கில் காப்பி எடுப்பீர்களா?

5. மண்டபத்தை முன்பே வந்து பார்ப்பீர்களா?

6. எடிட்டிங்கில் முகத்தின் நிறத்தை மாற்றாமல் தருவீர்களா?

ஆறாவது கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்டு, ஒப்பந்தத்திலும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். முப்பது வருஷம் கழித்து அந்த ஆல்பத்தைப் புரட்டும் பேத்தி, தன் பாட்டி எப்படி இருந்தாள் என்று அதில்தான் பார்க்கப் போகிறாள்.